ஃபர் வேண்டாம் என்று சொன்ன பிறகு

வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குளிர்கால உடைகளைத் தைத்து அனுப்பும் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், கிண்டித் தொழிற்பேட்டையில், வாங்குவோரின் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக நான் வேலை பார்க்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனங்கள் அனுப்பும் விதிமுறைக் கையேடுகளில், தைக்கும்போது ஊசி முறிந்தால் என்ன செய்ய வேண்டும், குழந்தைகள் உடையின் பொத்தான் எவ்வளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பவற்றோடு விலங்குகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அது ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். இப்போது மிங்க், நரி, ரக்கூன், முயல், காரகுல் ஆட்டுக்குட்டி, மலைப்பாம்பு, முதலை என்று பெயர் பெயராகச் சொல்லி, இவற்றின் தோலோ உரோமமோ உடையின் எந்தப் பாகத்திலும், ஜிப்பின் நுனியில் தொங்கும் சிறு குஞ்சத்தில்கூட, இருக்கக் கூடாது என்று எழுதிக் கையொப்பம் கேட்கிறார்கள்.

இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். அலங்காரத்துக்காக ஓர் உயிரை வளர்த்துக் கொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒன்றை விலக்கும்போது அந்த இடத்துக்கு எது வருகிறது, அதுவரை அதை நம்பிப் பிழைத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் சொல்லாத விலக்கு அதிக நாள் தாங்குவதில்லை. முதல் கேள்வியைப் பற்றி ஃபேஷன் உலகம் ஓரளவு பேசுகிறது. இரண்டாவது கேள்விக்கான நல்ல பதில் ஒன்று சென்னைக்குப் பக்கத்திலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். அதற்கு முன் ஃபர், அதாவது உடைக்குப் பயன்படும் விலங்கின் உரோமத்தோல், எப்படி விலகியது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்க ஃபேஷன் நிறுவனமான கால்வின் கிளைன் 1994-லேயே ஃபரைக் கைவிட்டது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஸ்டெல்லா மெக்கார்ட்னி 2001-ல் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோதே தோலும் உரோமமும் இல்லாமல்தான் தொடங்கினார். இவர்களை அன்று விதிவிலக்குகளாகவே பார்த்தார்கள். அர்மானி 2016-ல் விலகியது. 2017 அக்டோபரில் கூச்சியின் தலைமை நிர்வாகி மார்கோ பிசாரி, இனித் தங்கள் தொகுப்புகளில் ஃபர் இருக்காது என்று லண்டனில் அறிவித்த பிறகுதான் அணை உடைந்தது. அடுத்த ஆண்டே வெர்சாச்சே, பர்பெரி, ஷனெல் ஆகியவை வரிசையாக விலகின. 2019-ல் பிராடாவும், 2021-ல் கூச்சியின் தாய் நிறுவனமான கெரிங் குழுமம் முழுவதும் விலகின. ரோம் நகரில் 1925-ல் தோல் மற்றும் ஃபர் கடையாகத் தொடங்கிய ஃபென்டி இன்னும் விடவில்லை.

சட்டங்களும் கூடவே வந்தன. பிரிட்டன் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஃபர் பண்ணைகளை மூடியது. கலிஃபோர்னியா 2019-ல் இயற்றிய சட்டப்படி 2023 முதல் அங்கே புதிய ஃபர் உடைகளை விற்க முடியாது. 2021-ல் இஸ்ரேல், ஃபேஷனுக்கான ஃபர் விற்பனையைத் தடைசெய்த முதல் நாடானது. நம் நாடும் 2017 ஜனவரியில் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் உரோமத்தோலையும் ஊர்வனவற்றின் தோலையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. அது இங்கே பெரிய செய்தியாகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பெரிய நிறுவனங்கள் திடீரென்று மனம் மாறிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். பல ஆண்டுகளாகக் கடை வாசல்களிலும் ஃபேஷன் மேடைகளிலும் நின்று, அவமானப்பட்டு, கைதாகி, பண்ணைகளுக்குள் ஒளிந்து படமெடுத்து வெளிக்கொண்டுவந்த போராட்டக்காரர்களுக்கே இதில் முதல் மரியாதை. அவர்கள் காட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை வாடிக்கையாளர்களாக மாறியபோது, கணக்கு தானாகவே மாறியது.

அந்தப் படங்களில் என்ன இருந்தது என்று இங்கே பலருக்குத் தெரியாது. மிங்க் என்பது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய விலங்கு. தன் எல்லைக்குள் தனியாக வாழும், நீந்தும், நீர்நிலை ஓரமாக வேட்டையாடும். பண்ணையில் அதற்குக் கிடைப்பது கம்பிவலைத் தரை கொண்ட ஒரு கூண்டு. அந்த இடத்துக்குள் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும். தன் வாலைத் தானே கடித்துக்கொள்ளும். வசந்தத்தில் பிறக்கும் குட்டி, குளிர்கால உரோமம் அடர்ந்து வளரும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொல்லப்படுகிறது. தோலில் கீறல் விழக் கூடாது என்பதற்காக வாயுப்பெட்டியில் அடைக்கிறார்கள். நரி பெரிய விலங்கு என்பதால் வாயிலும் ஆசனவாயிலும் மின்முனைகளைப் பொருத்திக் கொல்கிறார்கள். காரகுல் ஆட்டில், பிறந்து ஓரிரு நாளே ஆன குட்டியின் சுருள்முடிக்குத்தான் விலை. முடி விரியத் தொடங்கினால் மதிப்புப் போய்விடும். ஒரு முழு நீள மிங்க் கோட்டுக்கு ஐம்பது அறுபது உயிர்கள் தேவைப்படும். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனாலும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

2020-ல் கொரோனா பரவியபோது இந்தக் கூண்டுகள் மனிதர்களுக்கும் ஆபத்தாயின. மிங்க்குகளுக்குத் தொற்று பரவி, அவற்றுக்குள் உருமாறிய வைரஸ் மீண்டும் மனிதர்களிடம் வந்ததைக் கண்டு, உலகிலேயே அதிக மிங்க் தோல் உற்பத்தி செய்த நாடுகளில் ஒன்றான டென்மார்க், 2020 நவம்பரில் நாட்டிலிருந்த எல்லா மிங்க்குகளையும் கொல்ல உத்தரவிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த உத்தரவுக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று பிறகு தெரியவந்து, வேளாண் அமைச்சர் மோகென்ஸ் யென்சன் பதவி விலகினார். அவசரமாக ஆழமில்லாத குழிகளில் புதைத்த உடல்கள், அழுகும்போது உண்டான வாயுவால் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன; அடுத்த ஆண்டு தோண்டியெடுத்து எரித்தார்கள். தோல்களை ஏலம் விட்டுவந்த கோபன்ஹேகன் ஃபர் நிறுவனமும் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தது. 2024 வரை அவகாசம் கொடுத்திருந்த நெதர்லாந்து, அதை முன்கூட்டியே 2021-ல் முடித்துக்கொண்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பண்ணையாளர்களை டென்மார்க் அரசு நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. பல நூறு கோடி குரோனர் இழப்பீடு ஒதுக்கியது.

இனி, ஃபரின் இடத்துக்கு என்ன வந்தது என்ற கேள்வி. எங்கள் மேசைக்கு வரும் செயற்கை ஃபரில் பெரும்பகுதி அக்ரிலிக், மோடாக்ரிலிக், பாலியஸ்டர் இழைகளால் ஆனது. ஜாக்கெட் தொப்பியின் விளிம்பில் வைக்கும் பட்டைதான் எங்களிடம் அதிகம் வரும். சப்ளையர் சீட்டில் அக்ரிலிக் என்று போட்டிருந்தாலும் நாங்கள் அப்படியே நம்புவதில்லை. முதலில் உரோமத்தை விரலால் வகிடு எடுப்பதுபோல் பிரித்து அடியைப் பார்ப்போம். செயற்கை என்றால் பின்னல் துணியின் கண்ணிகள் தெரியும். உண்மையான ஃபர் என்றால் தோல் தெரியும். பிறகு இடுக்கியால் நாலைந்து இழைகளைப் பிடுங்கி லைட்டரில் காட்டுவோம். அக்ரிலிக் சுருங்கி, உருகி, நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகிவிடும். நெடி தொண்டையைப் பிடிக்கும். விலங்கு முடி என்றால் தலைமுடி கருகிய வாடை அறை முழுக்கப் பரவும். மிஞ்சுவதை விரலில் தேய்த்தால் பொடியாக உதிரும். ஒரு முறை குஞ்சம் ஒன்று பொடியாக உதிர்ந்தபோது, எங்கள் சாம்பிள் பிரிவு மாஸ்டர் அதைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்து, "சார், இது முயலோ என்னவோ, உயிரோட இருந்தது. இத நம்ம கையால தைக்க வேணாம்" என்றார். அந்தக் குஞ்சங்கள் அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டன.

இந்தச் சோதனை ஏன் தேவைப்படுகிறது என்றால், பண்ணை ஃபரின் விலை சில நேரங்களில் தரமான செயற்கை ஃபரின் விலையைவிடக் குறைவாக இருக்கிறது. 2017-ல் பிரிட்டனில் செயற்கை என்று விற்கப்பட்ட பொருள்களில் உண்மையான விலங்கு உரோமம் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. அமெரிக்காவில் 150 டாலருக்கும் குறைவான மதிப்புள்ள ஃபர் வைத்த உடைகளுக்கு, அது எந்த விலங்கின் உரோமம் என்ற விவரம் தேவையில்லை என்ற விலக்கு நெடுங்காலம் இருந்தது. 2010-ல் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் அதை நீக்கினார்கள். வாங்குகிறவர் இரக்கத்தோடு தேர்ந்தெடுத்தும் ஏமாற்றப்படுகிறார் என்பது இந்த விஷயத்தில் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது.

செயற்கை ஃபரின் குறையை மறைக்க வேண்டியதில்லை. அது பெட்ரோலியப் பொருள். துவைக்கத் துவைக்க நுண்ணிழைகளை நீரில் விடும், மண்ணில் மக்காது. ஃபர் வணிகர்கள் இதைச் சுட்டிக்காட்டி, தங்கள் பொருள்தான் இயற்கையானது என்கிறார்கள். அழுகாமல் இருக்க ஃபார்மால்டிஹைடு உள்ளிட்ட இரசாயனங்களில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய தோலை இயற்கை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. என்றாலும், வதைக்குப் பதில் குப்பை என்று ஆகிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. சோளத்திலிருந்து கிடைக்கும் மூலப்பொருளை ஒரு பகுதியாகக் கொண்ட 'கோபா' என்ற செயற்கை ஃபரை 2019-ல் ஸ்டெல்லா மெக்கார்ட்னி மேடையேற்றினார். காஞ்சொறி, சணல்வகை, ஆளி நார்களைக் கொண்டு பயோஃபிளஃப் நிறுவனம் செய்யும் தாவர ஃபரும் வந்திருக்கிறது. எல்லா முயற்சியும் கரையேறிவிடவில்லை. காளான் வேரிழையிலிருந்து தோல்போன்ற பொருளைச் செய்து பெரும் நம்பிக்கை தந்த 'மைலோ' 2023-ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பெரிய அளவில் செய்வதற்கான பணம் கிடைக்கவில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது: அந்தப் பட்டையையே வைக்காமல் விடுவது. பனிப்புயலில் முகத்தின்மேல் காற்று படாமல் காப்பதற்காக ஆர்க்டிக் மக்கள் கண்டறிந்த விளிம்பு அது; நகரத்தின் மெட்ரோ ரயிலில் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆர்க்டிக் மக்களைச் சொல்லும்போது இரண்டாவது கேள்வி வந்துவிடுகிறது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருள்களைத் தடைசெய்தபோது, பிழைப்புக்காக வேட்டையாடும் இனுயிட் மக்களுக்கு விலக்கு அளித்தது. காகிதத்தில் விலக்கு இருந்தும் சந்தை ஒட்டுமொத்தமாகச் சரிந்து, அவர்களுடைய வருமானமும் சேர்ந்து சரிந்தது. தடை போட்டவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் மாற்று வருமானத்தைப் பற்றி முன்கூட்டியே திட்டமிட்டவர்கள் இல்லை.

நம் ஊரில் நடந்தது வேறு விதம். ஐரோப்பிய நகரங்களின் கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் இடைவார்களுக்கும் பாம்புத்தோல் போன காலத்தில், சென்னை அந்த வணிகத்தின் முக்கிய மையங்களில் ஒன்றாக இருந்தது. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் பாம்பைப் பிடித்து, உரித்து, தரகர்களிடம் கொடுப்பார்கள். வரப்பில் கிடக்கும் எச்சத்தையும் வளையின் வாயில் பதிந்த தடத்தையும் பார்த்தே உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடும் அறிவு அவர்களுடையது. அந்த அறிவுக்குக் கிடைத்த கூலி அற்பம், இலாபம் முழுவதும் மேலே இருந்தவர்களுக்கு. சாரைப்பாம்புகள் ஏராளமாகச் செத்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. தடை சரியானது. ஆனால் ஐரோப்பியப் பை நிறுவனம் வேறு தோலுக்கு மாறிக்கொள்ளலாம். குடிசையில் இருந்த இருளர் எதற்கு மாறுவார்?

1978-ல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு முன்னால், வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அது இயங்குகிறது. பாம்பைப் பிடிக்கும் அதே திறமை. ஆனால் பாம்பு சாக வேண்டியதில்லை. அங்கே போனால் மண்பானைகள் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். பாதி மணல் நிரப்பிய பானையின் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். உள்ளே நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ இருக்கும். ஒருவர் துணியை அவிழ்த்து, கொக்கியால் பாம்பை வெளியே எடுத்து, தலையின் பின்புறத்தைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்க வைப்பார். மஞ்சள் நிறத்தில் சில துளிகள் கண்ணாடியில் வழியும். அவ்வளவுதான். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு விஷம் எடுத்து, மறுபடி அதே பாம்பைப் பிடிக்காமலிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை உரிமம் வேண்டும்.

அந்த விஷம் உலர்த்தப்பட்டு, விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2000 முதல் 2019 வரையிலான காலத்தை ஆராய்ந்த கணக்கு ஒன்று சொல்கிறது. அந்தச் சாவுகளைத் தடுக்கும் மருந்துக்கு நாட்டுக்குத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்தே வந்திருக்கிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மலைப்பாம்பு பெருகித் திண்டாடிய ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே வழிகாட்டியவர்கள் அவர்கள். சங்கத்தில் உறுப்பினர்கள் சில நூறு பேர்தான். இருளர் சமூகத்தின் வறுமை முழுவதையும் அது தீர்த்துவிடவில்லை. ஆனாலும் தோலுக்காகக் கொல்வதை நிறுத்திய ஒரு தடை, கொன்றுகொண்டிருந்த கைகளுக்கே காப்பாற்றும் வேலையைக் கொடுத்தது. ஃபேஷன் உலகின் மாநாடுகளில் காளானைப் பற்றியும் சோளத்தைப் பற்றியும் பேசுகிறவர்கள் ஒரு நாள் வடநெம்மேலிக்கு வந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மிங்க்குக்காக வருந்திவிட்டுக் காஞ்சிப் பட்டைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் முறையாகாது. புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போட்டுத்தான் பட்டுநூல் எடுக்கிறோம். காஞ்சிப் பெரியவர் இதைச் சொல்லிப் பட்டைத் தவிர்க்கும்படி அந்தக் காலத்திலேயே வேண்டினார். குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாத பட்டுச்சேலை கிடைக்குமா என்று கேட்டதுதான் ஐதராபாத்தின் குசுமா ராஜையா அகிம்சைப் பட்டில் இறங்கத் தூண்டுதலாயிற்று. அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு கிடைக்கும் கூட்டில் இழை அறுபட்டிருப்பதால் நூற்றுத்தான் எடுக்க வேண்டும். பளபளப்புக் குறைவு, விலை அதிகம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அதை வாங்கத் தொடங்கியிருக்கிறோம்.

தோல் இன்னும் சிக்கலானது. பண்ணை மிங்க் தோலுக்காகவே பிறந்து சாகிறது. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பெரும்பாலும் இறைச்சியின் உடன்விளைவு. அந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் பாலாற்றுக்குத் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுகள் செய்த கேட்டை உச்ச நீதிமன்றமே 1996-ல் தீர்ப்பாக எழுதியிருக்கிறது. வாங்கும் நிறுவனங்களின் பட்டியலிலும் தோலின் பெயர் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளும் ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் காலணியின் மேற்பாகத்தைத் தைப்பவர்களில் பெண்கள்தான் அதிகம்.

மாற்றுக்கான மூலதனம் இங்கேயே இருக்கிறது. 1948 முதல் அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமே மாம்பழக் கூழிலிருந்து தோல்போன்ற பொருளை உருவாக்கியிருக்கிறது. கேரளத்தில் 'மலாய்' என்ற பெயரில், வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்து உருவாக்கும் பொருளிலிருந்து பைகள் செய்கிறார்கள். எந்தப் பொருள் வந்தாலும் அதை வெட்ட வேண்டும், விளிம்பைச் சீவ வேண்டும், மேற்பூச்சு ஏற்ற வேண்டும், தைக்க வேண்டும். ஆம்பூர்க்காரர்களின் கைகளுக்கு இவையெல்லாம் பழகிய வேலைகள். பெரம்பலூர் பக்கம் தோல் சாராத காலணித் தொழிற்சாலைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஆனால் அங்கே புழங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைகள்தான்.

ஆகவே எங்களிடம் கையொப்பம் கேட்கும் நிறுவனங்களிடம் நான் இப்போது சொல்லிவருவது இதுதான். எதை வைக்கக் கூடாது என்று எழுதும் அதே ஒப்பந்தத்தில், மாற்றாக வரும் இழை எது, அது மக்குமா என்பதையும் எழுதுங்கள். புதிய பொருளில் வேலை செய்யத் தொழிலாளர்களைப் பழக்குவதற்கான செலவையும், முதல் இரண்டு பருவங்களில் வீணாகும் சரக்கின் செலவையும் கொள்முதல் விலையிலேயே சேர்த்துக் கொடுங்கள். டென்மார்க்கின் பண்ணையாளருக்கு அவருடைய அரசு கொடுத்த இழப்பீட்டை, ஆம்பூரில் மேற்பாகம் தைக்கும் பெண்ணுக்கு இங்கே யாரும் கொடுக்கப்போவதில்லை. விலங்குகளின்மேல் உண்மையான அக்கறையோடு விதி எழுதும் நிறுவனம் ஒன்று, சென்ற பருவத்தில் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது, மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.